கழுதைக் கிணற்றிலிருந்து வந்த பதில்

1979 டிசம்பர் 25 அன்று சோவியத் படை ஆமூ ஆற்றின் மேல் மிதவைப் பாலம் போட்டு ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தது.

பேய்க்கதை கேட்டால் தேதி சொல்கிறேனே என்று நஜீபா முணுமுணுப்பது கேட்கிறது. "பத்திரிகைக்காரன்கிட்ட கதை கேட்டா முதல்ல ராணுவம்தான் வரும். பேய் எப்ப வரும்?" வரும். காலை நன்றாக நீட்டிக்கொள்ளுங்கள். குளிர்காய நாம் போர்வை மூடி உட்கார்ந்திருக்கும் இந்த மேஜைக்கு அடியில் கரி இன்னும் கனன்றுகொண்டுதான் இருக்கிறது. போர்வையை இடுப்பு வரைக்கும் இழுத்துக்கொள்ளுங்கள். காபூலில் இனி இன்று மின்சாரம் வராது.

இது எனக்கு நடந்ததல்ல. என் நண்பன் பர்யாலை, லோகர்க்காரன்... அவனுடைய அக்காள் கணவர் ஸர்வலிக்கு நடந்தது. பர்யாலையும் கூட இருந்தான். அவன் சொன்னதை அப்படியே சொல்கிறேன். கடைசிப் பகுதி மட்டும் நான் தனியாக விசாரித்தது.

2002. நோன்பு மாதம். நோன்பு திறந்து, இரவுத் தொழுகையும் முடிந்து, ஊர் அடங்கிய நேரம். கலாய்தூத் என்ற அந்த ஊரிலிருந்து கழுதைக் கிணற்றுக்கு ஒரு பாதை போகிறது. ஒரு ஆள் நடக்கிற அகலம்தான். இரண்டு பக்கமும் வெள்ளையடித்த கற்கள். அதற்கு வெளியே சிவப்படித்த கற்கள். வெள்ளைக்குள் நடந்தால் வீடு திரும்பலாம். சிவப்பைத் தாண்டினால் கண்ணிவெடி. சோவியத் படை புதைத்தது பாதி, அதற்குப் பிறகு வந்தவர்கள் புதைத்தது மீதி. வெடி எடுப்பவர்கள் அந்த ஒற்றைப் பாதையை மட்டும் சுத்தம் செய்து கொடுத்துவிட்டு, மற்றதை வசந்தத்தில் பார்க்கலாம் என்று போய்விட்டார்கள்.

அந்தப் பாதையில் அன்று மூன்று பேர் வரிசையாக நடந்தார்கள். முன்னால் அரிக்கேன் விளக்கோடு ஸர்வலி. நடுவில் பர்யாலையின் தாய்மாமா தோர்குல். கடைசியில் பர்யாலை. யாரும் யாரையும் முந்த முடியாது. நின்று திரும்பக்கூட யோசிக்க வேண்டும்.

இடது பக்கம் தூரத்தில் ஒரு மேடு. 1982இல் சோவியத் படை அதில்தான் காவல் முகாம் வைத்திருந்தது. இப்போது வேறொரு வெளிநாட்டுப் படை அதே மேட்டில் கம்பிவேலி போட்டு உட்கார்ந்திருந்தது. அவர்களுடைய விளக்கு மட்டும் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சம் கிணறு வரைக்கும் எட்டாது.

கலாய்தூத்துக்குத் தண்ணீர் கொடுத்தது ஒரே ஒரு கரேஸ். மலையடி ஊற்றிலிருந்து ஊர் வரைக்கும் மண்ணுக்கு அடியிலேயே ஓடும் கால்வாய். ஆள் குனிந்து போகிற உயரம். மேலே வரிசையாகக் கிணறுகள், இறங்கிச் சுத்தம் செய்வதற்கு. ஒரு காலத்தில் யாருடைய கழுதையோ விழுந்ததால் இது கழுதைக் கிணறு. அதற்கும் மலைப்பக்கத்துக் கிணற்றுக்கும் நடுவே இருந்த சுரங்கம் இருபது வருடமாக அடைபட்டுக் கிடந்தது. தண்ணீர் அந்தப் பக்கமே நின்றுவிட்டது. பெஷாவர் அகதி முகாமிலிருந்து ஜனங்கள் அந்த வருடம்தான் ஊருக்குத் திரும்பியிருந்தார்கள். விதைத்த கோதுமை காய்ந்துகொண்டிருந்தது. முகாமையோ மூடப் போவதாகப் பேச்சு.

ஊருக்குத் தண்ணீர் வேண்டும். தோர்குலுக்குத் தம்பி வேண்டும்.

தம்பி ஷாபசந்த் அந்த அடைப்புக்குப் பின்னால் இருந்தான். தோர்குல் முகாமிலிருந்து திரும்பி வந்ததே அவனை வெளியே எடுத்து, முகத்தை மக்கா இருக்கும் கிப்லா பக்கம் திருப்பி, முறையாக அடக்கம் செய்யத்தான். அது முடியும்வரை மலையடி மயானத்தில் தன் பெற்றோருக்குப் பக்கத்தில் ஒரு இடத்தைக் கல் வைத்து ஒதுக்கி வைத்திருந்தார். யாரையும் அங்கே உட்காரக்கூட விடமாட்டார்.

ஸர்வலி கரேஸ் வேலைக்காரர். பகலில் நோன்போடு அந்தப் புழுக்கத்தில் வெட்ட முடியாது. உள்ளே எப்போதும் இருட்டுதானே... அதனால் இரவில் இறங்குவார். கரேஸ் வேலைக்காரர்கள் வெள்ளை உடுத்துவார்கள். மண் சரிந்து உள்ளேயே போய்விட்டால் பிணத்துக்குச் சுற்றும் கபன் துணியை வேறு தேட வேண்டாம் பாருங்கள்.

"மாப்பிள்ளை, வெள்ளை பளிச்சுன்னு இருக்கே. கல்யாணத்துக்குக் கிளம்பினீங்களா, கபனுக்கு அளவு பாக்கறீங்களா?" என்றார் தோர்குல்.

"கபனுக்கு எப்பவோ அளவெடுத்தாச்சு மாமா. உங்க மருமகளைக் கட்டினேனே, அன்னிக்கே."

தோர்குல் சிரித்தாராம். அன்று இரவு அவர் சிரித்தது அது ஒரு முறைதான்.

கிணற்று வாயில் மர ராட்டினம். இரண்டு கயிறு. தடித்தது ஆளுக்கு. மெல்லியது வாளிக்கு, லாரி டயரை வெட்டித் தைத்த வாளி. கீழே இருப்பவர் ஒரு முறை இழுத்தால் மண் நிரம்பிவிட்டது, தூக்கு என்று அர்த்தம். இரண்டு முறை இழுத்தால் என்னைத் தூக்கு. இருந்த ஒரே விளக்கும் ஸர்வலியோடு கீழே போய்விட்டது. மேலே இருவரும் இருட்டில் உட்கார்ந்து, கயிற்றைக் கையால் தொட்டபடி காத்திருந்தார்கள்.

ஸர்வலி கீழே படுத்தவாக்கில் வெட்டிக்கொண்டிருந்தார். ஈரக் களிமண் வாசனை. விளக்கின் சுடர் நேராக நின்றது. காற்று நன்றாக இருக்கிறது... பயமில்லை. கொஞ்ச நேரம் கழித்து மூச்சு வாங்குவதற்காகப் பிக்காசைக் கீழே வைத்தார்.

டொக்.

தன் காதில் மிச்சமிருக்கும் சத்தம் என்று நினைத்தார்.

டொக்... டொக்...

அடைப்பின் அந்தப் பக்கத்திலிருந்து. அவசரமே இல்லாமல். நாள் முழுக்க வெட்டிக் கை தளர்ந்தவன் வெட்டுவது போல.

இந்த இடத்தில்தான் ஸர்வலி அந்தத் தவறைச் செய்தார். நீங்களும் செய்திருப்பீர்கள். வயலிலோ சுவரிலோ ஒருவன் வேலை செய்வதைக் கண்டால் அந்த வாழ்த்தைச் சொல்லாமல் நம்மால் தாண்டிப் போக முடியுமா? அதற்கென்றே இருக்கும் பதிலைச் சொல்லாமல் அவன்தான் விடுவானா? மூளை யோசிப்பதற்கு முன்னால் நாக்கு பேசிவிட்டது.

"களைச்சுப் போகாதே" என்றார்.

வெட்டும் சத்தம் நின்றது.

சுடர் அசையவில்லை. எங்கோ ஒரு மண்கட்டி உதிர்ந்து உருளும் சத்தம். பிறகு, மண்ணுக்கு அந்தப் பக்கம், ஒரு முழ தூரத்தில், ஒரு குரல்.

"நொடிச்சுப்... போகாதே."

ஸர்வலி ஆள் கயிற்றை இரண்டு முறை இழுத்தார். விளக்கையும் பிக்காசையும் அப்படியே விட்டுவிட்டார்.

மேலே வந்தவர் ஊர்ந்து கிணற்று விளிம்பை விட்டுத் தள்ளிப் போனார். பிறகு, உள்ளே ஒருவன் வெட்டிக்கொண்டிருக்கிறான் என்றார். யார், அந்தக் கழுதையா என்று கேட்டுப் பர்யாலை சிரித்தான். அவர் தன் நாக்கு செய்த வேலையையும் வந்த பதிலையும் சொன்னபோது சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

தோர்குல் ஸர்வலியின் தோளை இறுக்கிப் பிடித்தார். "குரல் எப்படி இருந்துச்சு? நம்ம ஊர் ஆளா?"

"இல்ல மாமா. பள்ளிக்கூடப் பையன் பாடம் ஒப்பிக்கற மாதிரி. ஒவ்வொரு வார்த்தையா தேடித் தேடி... ஆமூ ஆத்துக்கு அந்தப் பக்கத்து ஆளு புதுசா நம்ம பாஷை பேசினா எப்படி இருக்கும், அப்படி."

தோளில் இருந்த பிடி தளர்ந்தது. தோர்குல் ராட்டினத்தின் மேல் கை வைத்தார். அப்புறம்தான், இருபது வருடமாக வீட்டில் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

1982 கோடையின் தொடக்கம். பெரிய சாலையில் யாரோ சோவியத் ராணுவ வண்டித் தொடர் ஒன்றைச் சுட்டார்கள். சுட்டவர்கள் கலாய்தூத்காரர்களா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. பக்கத்தில் இருந்த ஊர் அதுதான். அந்தப் படை இந்த நாட்டுக்கு ஏன் வந்தது என்று கேட்டால் அந்த நாட்களில் காபூல் வானொலி ஒன்று சொல்லும், வெளிநாட்டு வானொலி வேறொன்று சொல்லும். நட்புக்காக, எல்லைக்காக, புரட்சிக்காக. எங்கள் தெருவில் உங்களுக்கு என்ன வேலை என்று தோர்குல் கேட்டதற்கு மட்டும் எந்த வானொலியிலும் பதில் இல்லை.

விடியற்காலையில் கவச வண்டிகளின் உறுமல் கேட்டதும் ஆண்களில் பலர் கழுதைக் கிணற்றின் வழியாகக் கரேஸுக்குள் இறங்கினார்கள். ஷாபசந்தும் இறங்கினான். தோர்குல் அகப்பட்டுக்கொண்டார். அவரைக் கிணற்றுக்கு இழுத்து வந்து ராட்டினத்தில் நிறுத்தினார்கள். அதிகாரி ஒரு சிப்பாயைக் கூப்பிட்டான். மீசைகூடச் சரியாக முளைக்காதவன். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தாஜிக். நம் பாஷை தெரியாது, ஆனால் ஊராருக்குப் புரிகிற பாரசீகம் பேசுவான். அதனால் அவனைக் கீழே இறக்கி, உள்ளே இருப்பவர்களை மேலே வரச்சொல்ல வேண்டும் என்பது உத்தரவு. அவன் அன்று காலைதான் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டிருந்தான். கயிற்று வளையத்தில் உட்காரும்போது அந்த வாசனை தோர்குலின் முகத்தில் அடித்தது.

துப்பாக்கி முதுகில் இருந்தும் தோர்குலின் நாக்கு பழக்கத்தை விடவில்லை. வேலைக்குப் போகிற பையனாயிற்றே. "களைச்சுப் போகாதே" என்று நம் பாஷையில் சொல்லிவிட்டார். அவனுக்குப் புரியவில்லை. என்ன பதில் சொல்ல வேண்டும் என்றும் தெரியவில்லை. சும்மா ஒரு சிரிப்புச் சிரித்தான். தோர்குல் அவனைக் கீழே இறக்கினார்.

அவன் மேலே வரவில்லை. உள்ளே இருந்தவர்களும் வரவில்லை. வெயில் ஏறியது. அதிகாரி இரண்டு முறை கிணற்றுக்குள் கத்தினான். மூன்றாவது முறை கத்தவில்லை. இந்தக் கிணற்றுக்கும் மலைப்பக்கத்துக் கிணற்றுக்கும் வெடி வைத்து, உள்ளே போன வழியையும் வெளியே வரும் வழியையும் மூடினார்கள். தங்கள் பையனும் உள்ளே இருக்கிறான் என்று ஒரு சிப்பாய் அழுதானாம். அந்த வாரமே மேட்டில் முகாம் வந்தது. சுற்றிலும் கண்ணிவெடி புதைத்தார்கள். தோண்டப் போனவர்கள் திரும்பவில்லை. ஊரே பெஷாவருக்குப் போய்விட்டது.

"இறங்கும்போது அவனுக்கு அந்தப் பதில் தெரியாது, மாப்பிள்ளை" என்றார் தோர்குல். "உள்ள யாரோ சொல்லிக் கொடுத்திருக்காங்க."

அவர் சொல்லி முடிக்கவில்லை... வாளிக் கயிறு ஒரு முறை வெட்டி இழுத்தது.

மூன்று பேரும் மேலே இருந்தார்கள்.

பர்யாலையின் கை, கேட்காமலே, ராட்டினத்தைச் சுற்ற ஆரம்பித்தது. பல இரவுகளாகப் பழகிய கை. வாளி வந்தது. நிறைய மண். சில்லென்ற புது மண். கூடவே, லேசாக, பூட்ஸ் பாலிஷ் வாசனை.

ஓடிவிடலாம் என்றான் பர்யாலை. எங்கே ஓடுவது? விளக்கு கீழே இருந்தது. நிலா இல்லை. பொடியாகப் பனி விழத் தொடங்கி, வெள்ளைக் கல்லும் சிவப்புக் கல்லும் ஒன்றாகிவிட்டன. மேட்டின் மேல் அந்த விளக்கு சுற்றிச் சுற்றி வந்தது. கத்தினால் அங்கிருந்து சுடுவார்கள். விடியும்வரை அந்தக் கிணற்றைச் சுற்றி ஒரு பாய் விரிக்கும் அளவு இடம்தான் அவர்களுக்கு இருந்தது.

கயிறு மறுபடியும் இழுத்தது. ஸர்வலி கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, வேண்டாம் என்றார். தோர்குல் அவர் கையை மெல்ல விலக்கினார். நாம் நிறுத்தினால் மட்டும் அவன் நிறுத்துவானா என்று கேட்டாராம். வாளியைக் கொட்டினார்கள். இறக்கினார்கள். இழுப்பு வந்தது. தூக்கினார்கள். ராட்டினத்தின் கிறீச்... மண் விழும் தொப்... அதற்குக் கீழே, வெகு ஆழத்தில், டொக்... டொக்... விரல்கள் மரத்துப்போயின. பனி புருவத்தில் ஒட்டியது. நோன்புக்கு முன் சாப்பிடும் ஸஹர் நேரம் வந்து போனது. மூவரும் எதுவும் உண்ணவில்லை.

கிழக்கு வெளுக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது வெட்டும் சத்தம் நின்றது.

பிறகு கயிறு இழுத்தது. ஒன்று.

இரண்டு.

ஸர்வலி எழுந்து ராட்டினத்துக்குக் குறுக்கே நின்றார். "மாமா, அது உங்க தம்பி இல்ல."

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு?"

"அவனை இறக்கினது நான், மாப்பிள்ளை. ஏத்த வேண்டியவனும் நான்தானே. தள்ளிக்கோங்க."

ஒரு ஆளின் கனம். மூன்று பேரும் சேர்ந்து சுற்றினார்கள். கட்டைகள் முனகின. கயிறு ஈரமாக வந்தது. வாசனை கூடிக்கொண்டே வந்தது. கடைசிச் சுற்றில் கனம் சட்டென்று இல்லாமல் போக, மூவரும் பின்பக்கமாக விழுந்தார்கள். யாரோ அவர்களைத் தாண்டினார்கள். பர்யாலையின் புறங்கையில் ஈரத்துணி ஒன்று உரசியது. பிறகு காலடிச் சத்தம். பூட்ஸ் காலடி. பாதை இருந்த பக்கம் போகவில்லை. நேராக... சிவப்புக் கற்களுக்குள்.

பர்யாலை காதைப் பொத்திக்கொண்டான். நறுக்... நறுக்... ஒவ்வொரு அடியும் பனியை மிதிக்கும் சத்தம் கைகளை மீறிக் கேட்டது. அடுத்த அடி. அதற்கடுத்த அடி. வெடி வெடிக்கவில்லை.

சத்தம் தேய்ந்து மறைந்தபோது, அவர்களுக்குக் கீழே வேறொரு சத்தம் தொடங்கியது. தண்ணீர் ஓடும் சத்தம்.

வெளிச்சம் வந்ததும் ஸர்வலி இறங்கினார். அடைப்பு இல்லை. அந்தப் பக்கம் சுரங்கத்தை அகலமாக வெட்டி, தண்ணீருக்கு மேலே நீளமாக ஒரு மேடை போல விட்டிருந்தார்கள். அதில் எலும்புகள் வரிசையாகக் கிடத்தப்பட்டிருந்தன. ஒவ்வொரு தலைக்கும் அவரவர் தலைப்பாகைத் துணி சுற்றியிருந்தது. ஒவ்வொரு முகமும் கிப்லாவைப் பார்த்துத் திருப்பியிருந்தது. ஷாபசந்துக்குக் கீழ்வரிசையில் ஒரு வெள்ளிப் பல். தோர்குல் அந்தப் பல்லை விரலால் தடவிப் பார்த்தார். அன்று மாலையே அவர் கல் வைத்துக் காத்திருந்த இடத்தில் தம்பியை அடக்கம் செய்தார்கள். இறங்கியவர்களை ஊரார் பெயர் சொல்லி எண்ணிப் பார்த்தார்கள். யாரும் குறையவில்லை. கடைசியாகச் செத்து, மற்றவர்களையெல்லாம் கிடத்தியவன் எவனோ, அவனுடைய எலும்பு மட்டும் அங்கே இல்லை.

கிணற்று வாயில் பூட்ஸ் தடம் தொடங்கியது. பனியில் தெளிவாகப் பதிந்திருந்தது. பையன் வீட்டுக்குப் போயிருப்பான் என்றுதான் பர்யாலை நினைத்தான். ஆமூ ஆறும் அவன் ஊரும் வடக்கே இருக்கின்றன. தடம் வடக்கே போகவில்லை. மேட்டைப் பார்த்துப் போயிருந்தது. வசந்தத்தில் வெடி எடுப்பவர்கள் அந்த வழியைத் தோண்டியபோது, தடம் போன கோட்டிலேயே கண்ணிவெடிகள் இருந்தன. எல்லாம் வெடிக்கும் நிலையில் இருந்தன.

இனி நான் விசாரித்தது. அந்த மேட்டு முகாமில் அப்போது மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன் காபூல் பையன். பின்னால் ஒரு முறை நானும் அவனும் ஒரே வண்டியில் ஜலாலாபாத் போக நேர்ந்தது. அந்த நோன்பு மாதத்தில் ஒரு விடியற்காலை, வேலிக்கு வெளியே யாரோ நிற்கிறார்கள் என்று காவலுக்கு இருந்த சிப்பாய் அவனை எழுப்பினானாம். விளக்கை அந்தப் பக்கம் திருப்பினார்கள். ஒல்லியான பையன். பழைய மாதிரி ராணுவ உடை, சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. கையில் துப்பாக்கி இல்லை. விறைப்பாக நின்று சலாம் வைத்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பாரசீகத்தில் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னான்.

"சொல்லிப் பாத்துட்டேன் சார். யாரும் மேல வர மாட்டேங்கறாங்க."

என்ன சொல்கிறான் என்று காவல் சிப்பாய் கேட்டான். மொழிபெயர்ப்பாளனுக்கு அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவன் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சிப்பாய் சுட்டான்.

விடிந்ததும் போய்ப் பார்த்தார்கள். உடலோ ரத்தமோ இல்லை. தடம் வேலி வரைக்கும் வந்திருந்தது. வேலிக்கு உள்ளேயும் இருந்தது. வெளியே திரும்பிப் போன தடம் இல்லை.